ஜப்பானியப் பழக்கவழக்கங்களை ஆங்கிலத்தில் விளக்க எப்படிச் சொல் சேர்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மூன்று வருடமாக ஜப்பானில் வேலை பார்க்கிறார். ஜப்பானிய மொழி ஓரளவு பேசுவார். அலுவலக ஆங்கிலத்திலும் குறை இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு கோயில் வாசலில் நின்று 'இது என்ன, அது ஏன்?' என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறதாம். 'ஜப்பானியக் கலாசாரத்தை விளக்கத் தேவையான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுத் தர முடியுமா?' என்கிறார்.

பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பானியப் புத்தகக் கடைகளில் இதற்கென்றே தனி அடுக்கு வைத்திருப்பார்கள். நானும் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்தவன்தான். 'ஏமா என்றால் வோட்டிவ் டேப்லெட்' என்று ஒப்பிப்பேன். எதிரே நிற்பவர் 'டேப்லெட்' என்றதும் மாத்திரையையோ ஐபேடையோ நினைத்துக்கொண்டு மரியாதைக்குத் தலையாட்டுவார். வோட்டிவ் என்ற சொல் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது எப்படிச் சொல்கிறேன் தெரியுமா? 'உள்ளங்கையளவு மரப்பலகை. அதில் வேண்டுதலை எழுதி இங்கே தொங்கவிடுவார்கள்.' எல்லாம் எட்டாம் வகுப்பு ஆங்கிலம். ஏமா என்ற ஜப்பானியப் பெயரையும் கூடவே சொல்லிவிடுவேன்.

ஆக, என் முறை இதுதான்: ஜப்பானியப் பெயரை அப்படியே சொல்லுங்கள். அது எந்த இனத்துப் பொருள், எதனால் ஆனது, அதை வைத்து ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கொதாத்ஸு என்றால் 'தாழ்வான மேசை, அடியில் ஹீட்டர், மேலே குவில்ட், குளிர்காலத்தில் குடும்பமே அதற்குள் காலை நீட்டிக்கொண்டு உட்காரும்'. இதற்கு நீங்கள் தேட வேண்டிய ஒரே புதுச் சொல் 'குவில்ட்', அதாவது பஞ்சடைத்த போர்வை. நமக்குக் குறைவது பெரிய பெரிய கலாசாரச் சொற்கள் இல்லை. அலுவலக ஆங்கிலத்தில் ஒருநாளும் வராத இந்த மாதிரிச் சின்னப் பொருட்பெயர்கள்தான். தாதாமி கோரைப்பாயின் கோரைக்கு 'ரஷ்', உள்ளே அடைத்த வைக்கோலுக்கு 'ஸ்ட்ரா', மோச்சி இடிக்கிற உரலுக்கு 'மார்ட்டர்', உலக்கையாகப் பயன்படுகிற மரச்சுத்தியலுக்கு 'மாலட்', சித்திரச்சுருள் தொங்குகிற சுவர் மாடத்துக்கு 'ஆல்கோவ்', ஜிஸோ என்ற பௌத்தக் காவல்தெய்வச் சிலையின் கழுத்தில் கட்டிய சிவப்புத் துணிக்கு 'பிப்'. குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே, அதே பிப். இப்படி இருநூறு சொல் கையில் இருந்தால் ஜப்பானில் எந்தத் தெருவிலும் நின்று பேசலாம்.

மோச்சி என்றதும் நான் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. அகராதியில் மோச்சிக்கு 'ரைஸ் கேக்' என்றிருக்கும். அமெரிக்கர் காதில் ரைஸ் கேக் என்பது டயட்டில் இருப்பவர்கள் தின்னும் பொரியரிசி வில்லை. கையில் வழவழவென்று இழுபடும் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர்கள் விழித்ததைப் பார்த்து, அடுத்த முறை 'குளூட்டினஸ் ரைஸ்' என்று மாற்றினேன். நான் சுற்றிக்காட்ட அழைத்துப்போன குழுவில் ஒரு அம்மாவுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது. தட்டைக் கீழே வைத்துவிட்டார். குளூட்டினஸ் என்றால் பசைத்தன்மை உள்ளது என்று மட்டுமே பொருள். அந்த அரிசியில் குளூட்டன் துளியும் கிடையாது. அதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஆசை போய்விட்டது அவருக்கு. இப்போது 'ஸ்டிக்கி ரைஸ்' என்று சொல்கிறேன், 'வேகவைத்து, உரலில் போட்டு, பிசைந்த மாவு போல ஆகும் வரை இடிப்பார்கள்' என்றும் சேர்த்துக்கொள்கிறேன். (நம்மூர் ஆட்கள் என்றால் செட்டிநாட்டுக் கவுனி அரிசியின் பசையை நினைவுபடுத்தினால் போதும், வேலை முடிந்தது.) உள்ளே வைக்கிற பூரணமும் இப்படித்தான். 'ரெட் பீன்' என்றால் இந்தியர்கள் ராஜ்மாவை நினைத்து முகம் சுளிப்பார்கள். அசுகி என்பது நம் பாசிப்பயறு, உளுந்தின் இனத்தைச் சேர்ந்த சின்னப் பயறு. பாசிப்பயற்றுப் பூரணம் வைத்த கொழுக்கட்டை தின்றவர்களுக்கு இது அந்நியமே இல்லை.

இடத்தில் நின்று படித்தால் எப்படி ஒட்டும் என்பதற்கு அசாகுசாவை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவுக்கு வருகிறவர்கள் யாரும் அதைத் தவறவிடுவதில்லை. 628-இல் சுமிதா ஆற்றில் இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் கன்னோன் சிலை ஒன்று சிக்கியதாம். அதை வைத்து எழுந்ததுதான் சென்சோஜி என்கிறது தல வரலாறு. கன்னோன் என்பவர் அவலோகிதேசுவரர். இது பௌத்தக் கோயில், அதாவது 'டெம்பிள்'. பிரதான மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அசாகுசா ஜின்ஜா இருக்கிறது. அந்த இரண்டு மீனவர்களையும் ஊர்த்தலைவரையும் தெய்வமாக வைத்த, ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவின் கோயில் அது, ஆகவே 'ஷ்ரைன்'. ஷ்ரைனில் கைதட்டிக் கும்பிடலாம், டெம்பிளில் தட்டுவதில்லை. வாசலில் தோரீ என்ற தோரணவாயில் நின்றால் பெரும்பாலும் ஷ்ரைன்.

இந்த டெம்பிள், ஷ்ரைன் பிரிவு ஆங்கிலத்தில் இயல்பாக உள்ளது இல்லை. ஜப்பானை விளக்குகிறவர்கள் வசதிக்காகப் பாத்தி கட்டிக்கொண்டது. ஷ்ரைன் என்றதும் தமிழ்நாட்டுக்காரர் மனதில் வேளாங்கண்ணிதான் வரும். ஆனால் வரைபடம், பெயர்ப்பலகை, ரயில் அறிவிப்பு எல்லாம் இந்த வழக்கையே பின்பற்றுவதால் நீங்களும் மீறாதீர்கள். மாற்றிச் சொன்னால் ஆள் வழி தவறிப் போவார்.

இன்னொரு முக்கியமான வினைச்சொல் 'என்ஷ்ரைன்'. அதைத் தமிழில் எழுந்தருளியிருக்கிறார் என்போம், அவ்வளவு பொருத்தம். 'கன்னோன் இங்கே என்ஷ்ரைன் ஆகியிருக்கிறார்' என்ற ஒரு அமைப்பைப் பிடித்துக்கொண்டால் எல்லாக் கோயிலுக்கும் உதவும். பெயர்ச்சொற்களையே துரத்துகிறவர்கள் வினைச்சொற்களைக் கோட்டை விடுகிறார்கள். வேண்டிக்கொள்ள 'ப்ரே ஃபார்', படைக்க 'ஆஃபர்', கெட்டது அண்டாமல் தடுக்க 'வார்ட் ஆஃப்', விரட்ட 'டிரைவ் அவுட்'. பிப்ரவரி முதல் வாரத்தில் வரும் செத்ஸுபுன் அன்று வறுத்த சோயாவை எறிந்து 'ஓனி (பேய்) வெளியே, நல்லது உள்ளே' என்று கத்துவதை விளக்க இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் முடியாது.

சென்சோஜியில் அடுத்து எல்லோரும் நிற்கிற இடம் ஒமிகுஜி என்ற குறிச்சீட்டு எடுக்கும் இடம். நூறு யென் போட்டுவிட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கினால் சின்னத் துளை வழியே ஒரு குச்சி எட்டிப் பார்க்கும். அதில் எண் இருக்கும். எதிரே மரத்தால் ஆன சின்னச் சின்ன இழுப்பறைகள் வரிசையாக இருக்கும். அதே எண்ணுள்ள இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுக்க வேண்டும். 'கியோ' என்று வந்தால் கெட்டது. சென்சோஜியில் அது தாராளமாக வரும். வந்தால் பக்கத்தில் உள்ள கம்பியில் தாளைக் கட்டிவிட்டுப் போகலாம். இதை விளக்க 'ஷேக்', 'ஸ்டிக்', 'டிராயர்', 'ஃபார்ச்சூன் ஸ்லிப்', 'டை' என்று ஐந்தாறு சொல்தான். திருவுளச்சீட்டு எடுத்தவருக்கு, பூக்கட்டிப் பார்த்தவருக்கு இந்த மனநிலையை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரு பெரியவர் கியோ வந்த தாளைக் கட்ட மறுத்து, 'நம்ம விதி நம்மகிட்டயே இருக்கட்டும் தம்பி' என்று சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அதைக் குழுவிலிருந்த வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். நம் இந்திய ஆங்கிலம் இங்கே ஒரு பக்கம் கைகொடுக்கும், இன்னொரு பக்கம் காலை வாரும்.

கைகொடுப்பதற்கு 'ஆஸ்பிஷியஸ்' போதும். நாம் கல்யாணப் பத்திரிகையில் தினமும் பார்க்கிற சொல். ஜப்பானிய நாட்காட்டியில் ரொக்குயோ என்று ஆறு நாள் சுழற்சி உண்டு. அதில் தாயான் நம் முகூர்த்த நாள் போல, கல்யாண மண்டபங்கள் நிரம்பி வழியும். தோமோபிகி என்ற நாளில் இறுதிச்சடங்கு வைக்க மாட்டார்கள். போனவர் கூட ஒரு சிநேகிதரையும் இழுத்துக்கொண்டு போவார் என்ற பயம். பல ஊர்களில் தகன மேடையே அன்று மூடியிருக்கும். சனிப்பிணம் தனியே போகாது என்று பாட்டி சொல்லிக் கேட்டவருக்கு இதில் என்ன அதிசயம்? அமெரிக்கர்களிடம் மட்டும் ஆஸ்பிஷியஸை விட்டுவிட்டு 'லக்கி டே' என்று சொல்லுங்கள்.

காலை வாரும் சொல் 'ஐடல்'. கோயில் சிலையை நாம் சாதாரணமாக ஐடல் என்போம். கிறித்தவப் பின்னணியில் வளர்ந்த மேற்கத்தியர் காதில் அது பொய்த்தெய்வம் என்று வசையாக விழும். ஜப்பானியர் காதிலோ மேடையில் ஆடிப்பாடும் இளம் பாட்டுக்காரி. 'ஸ்டாட்யூ' என்று சொல்லிவிடுங்கள். அதே மாதிரி 'காட்' என்ற சொல்லை ஷின்டோ தெய்வமான கமிக்குப் போட்டால் ஒரே கடவுள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'டீட்டி' பரவாயில்லை. வைக்கோல் கயிறு சுற்றிய ஒரு மரத்தைக் காட்டி 'இங்கே ஒரு கமி இருக்கிறார்' என்று சொல்லும்போது, மஞ்சள் துணி கட்டிய வேப்பமரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே புரிகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

புத்த குருமாரை 'மாங்க்' என்று சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. 1872-இல் மெய்ஜி அரசு அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், மாமிசம் சாப்பிடலாம் என்று அனுமதித்தது. இன்று பல கோயில்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. மனைவி, குழந்தையோடு வருகிற ஒருவரைக் காட்டி மாங்க் என்றால் கேட்பவர் குழம்புவார். 'ப்ரீஸ்ட்' என்றால் சரியாக இருக்கும்.

நான் ரொம்ப நேரம் செலவழிக்கிற இடம் காசு உறைகள். ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குள் கூட்டிப்போய் இரண்டு உறைகளை எடுத்துக் கையில் கொடுப்பேன். ஒன்றில் சிவப்பும் வெள்ளையுமான, அல்லது பொன்னும் வெள்ளியுமான காகிதக் கயிறு கட்டியிருக்கும். அதற்கு மிசுஹிகி என்று பெயர். கல்யாண உறையில் அந்த முடிச்சை இழுத்தால் அவிழாது, இன்னும் இறுகும். காரணம், கல்யாணம் ஒருமுறைதான் நடக்க வேண்டும். குழந்தை பிறந்ததற்குக் கொடுக்கும் உறையில் ஷூ லேஸ் போல இழுத்தால் அவிழும் 'போ'. அது திரும்பத் திரும்ப வரட்டும். உள்ளே வைக்கும் நோட்டு கல்யாணத்துக்குப் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். நண்பர் கல்யாணத்துக்கு முப்பதாயிரம் யென் வழக்கம். மூன்றை இரண்டாகப் பிரிக்க முடியாதே. சாவு வீட்டு உறையில் கறுப்பு வெள்ளைக் கயிறு. அதில் புது நோட்டு வைத்தால், சாவை எதிர்பார்த்து வங்கியில் மாற்றி வைத்தது போல ஆகிவிடும். பழைய நோட்டு இல்லாவிட்டால் புது நோட்டையே ஒரு மடிப்பு மடித்து வைப்பார்கள்.

சாவு வீட்டில் கொடுக்கும் இந்தப் பணத்துக்குக் கோடென் என்று பெயர், ஆங்கிலத்தில் 'காண்டோலன்ஸ் மணி' என்பார்கள். கேட்டவர் நிதி உதவி என்று எடுத்துக்கொள்வார். மொய் என்ற நம் சொல்லுக்கே ஆங்கிலம் கிடையாது, கோடெனுக்கு எங்கே போக? ஆகவே செயலைச் சொல்லுங்கள்: 'வருகிறவர்கள் எல்லோரும் பணம் கொடுப்பார்கள், பெயரும் தொகையும் குறித்து வைப்பார்கள், வீட்டார் பிறகு பாதி மதிப்புக்கு ஏதாவது பொருள் திருப்பி அனுப்புவார்கள்.' மொய்நோட்டு பார்த்த தமிழர் முதல் பாதியைக் கேட்டதுமே சிரித்துவிடுவார்.

சாவு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தகனத்துக்குப் பிறகு கிடைப்பதை ஆங்கிலத்தில் 'ஆஷஸ்' என்பது வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு மனதில் வருவது பொடி. ஜப்பானில் உறவினர்கள் குச்சிகளால் எலும்புகளை எடுத்து, கால் பக்கமிருந்து தொடங்கித் தலை வரை கலசத்தில் வைப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடிப்பதும் உண்டு. சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டத்தை மாற்றக் கூடாது என்பது இதனால்தான். ஆகவே 'போன்ஸ்' என்றே சொல்ல வேண்டும், கலசத்துக்கு 'அர்ன்'. சஞ்சயனம் நடத்திய வீட்டாருக்குச் சட்டென்று விளங்கும். வீட்டில் சாவு விழுந்தால் சில வாரம் ஷ்ரைன் பக்கம் போகாமல் இருப்பதும், அந்த வருடம் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பாமல் இருப்பதும் நம் தீட்டுதான். ஆங்கிலத்தில் 'ரிச்சுவல் இம்ப்யூரிட்டி' என்றால் கொஞ்சம் பாடப்புத்தக நெடி அடிக்கும், ஆனால் வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பேச்சு வழக்கில் உள்ள உபசார வார்த்தைகளை மொழிபெயர்க்கப் பார்க்காதீர்கள். 'ஒத்ஸுகாரெசாமா' என்பதை 'நீங்கள் களைத்திருக்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் அடி விழும். வேலை முடிந்து கிளம்பும்போது சொல்வது என்று சொல்லுங்கள், போதும். 'இதாதாகிமாசு' சாப்பிடுமுன் சொல்வது. பரிசு கொடுக்கும்போது 'இது ஒன்றுமில்லாத சாமான்' என்று சொல்லும் வழக்கம் குறைந்துவருகிறது. இருந்தாலும், விருந்து படைத்துவிட்டு 'ஏதோ எங்களால் முடிந்தது' என்று சொல்லும் வீட்டிலிருந்து வந்த உங்களுக்கு அதை விளக்கக் கஷ்டமிருக்காது.

ஏற்கெனவே ஆங்கிலத்துக்குள் போய்விட்ட ஜப்பானியச் சொற்களிடம் கவனம். சுனாமி, ஓரிகாமி, இமோஜி போல அப்படியே போனவை பிரச்சினை இல்லை. 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி கின்த்ஸுகி (உடைந்த பாத்திரத்தைப் பொன்பூச்சோடு ஒட்டுவது), ஒனிகிரி (சோற்று உருண்டை), ஒமோதெனாஷி (விருந்தோம்பல்) உள்ளிட்ட இருபத்துச் சொச்சம் சொற்களைச் சேர்த்தது. அவையும் நல்லவை. ஆனால் ஃபுதோன் என்றால் ஜப்பானில் தரையில் விரித்துச் சுருட்டி வைக்கும் மெத்தை, அமெரிக்காவில் மடக்கும் சோபா. ஹிபாச்சி இங்கே கைகாயக் கரி போட்டு வைக்கும் கணப்புச் சட்டி, அங்கே இறைச்சி வாட்டும் அடுப்பு. இதற்கு எதிர்ப்பக்கமாக ஜப்பானியர் ஆங்கிலம் என்று நம்பிப் பேசும் சொற்கள் இருக்கின்றன. 'மான்ஷன்' மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. 'கன்சென்ட்' பிளக் பாயிண்ட். 'வைக்கிங்' என்றால் பஃபே. 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் அந்தப் பெயரில் ஒரு உணவகம் திறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டது. இவற்றைத் தெரியாமல் ஆங்கிலத்தில் அப்படியே எடுத்துச் சொன்னால் விருந்தாளி தலையைச் சொறிவார். நம் ரிக்‌ஷாவும் ஜின்ரிகிஷா என்ற ஜப்பானியச் சொல்தான், ஆங்கிலம் வழியாக நம் தெருவுக்கு வந்தது. அசாகுசாவில் அதை இன்றும் ஆள் இழுக்கிறார்கள். தமிழ்க் குழுவிடம் இதைச் சொன்னால் ஒரு வேனே கலகலக்கும்.

காலத்தைச் சொல்லும்போது, தோகுகாவா ஷோகன்கள் ஆண்ட காலத்தை 'எடோ பீரியட்' என்று விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. 1603 முதல் 1868 வரை என்று எண்ணைச் சொல்லி, ஒரு கொக்கி போடுங்கள். தோகுகாவா ஆட்சிக்கு வழிவிட்ட செகிகஹாரா போர் நடந்தது 1600-இல். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததும் அதே வருடம்தான்.

பயிற்சிக்கு என்ன படிப்பது? அரசுச் சான்று பெற்ற சுற்றுலா வழிகாட்டி ஆவதற்கான தேர்வு ஒன்று 1949-லிருந்து நடந்துவருகிறது. 2018-இல் சட்டம் மாறி, சான்று இல்லாதவரும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம் என்று ஆகிவிட்டது. அதனால் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அதன் வாய்மொழிச் சுற்றை நீங்கள் வீட்டிலேயே நடத்திப் பார்க்கலாம். மூன்று தலைப்புத் தருவார்கள், ஒன்றை எடுத்து முப்பது விநாடி யோசித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதல் முறை நாற்பது விநாடியில் சரக்கு தீர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள். அலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எந்தச் சொல் இல்லாமல் திணறினீர்களோ அதுதான் அன்றைய பாடம். ஜப்பானிய சுற்றுலாத்துறை 2018 வாக்கில் தொடங்கிய திட்டம் ஒன்று, ஊர் ஊராகக் கோயில், திருவிழா, கைத்தொழில் பற்றி ஆங்கிலம் தாய்மொழியானவர்களைக் கொண்டே எழுத வைத்த விளக்கங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்தச் சொற்பட்டியலையும்விட அது மேல். ஒன்றைப் படித்துவிட்டு, அந்த இடத்துக்குப் போய், தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, நம்மூர் ஆட்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் 'தாஷி' என்ற அடிச்சாற்றைப் பற்றிப் படியுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'நோ மீட், நோ ஃபிஷ்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மிசோ சூப்பைக் குடிப்பார்கள். கடைக்காரரும் மீன் துண்டு போடவில்லையே என்று மனசாட்சியோடுதான் கொடுப்பார். ஆனால் அதன் அடிச்சாறு கட்ஸுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலில் ஊறியது. உடோன் குழம்பு, வேகவைத்த காய், முட்டைச் சுருள் எதிலும் இருக்கும். இதற்கு 'சூப்' என்று சொல்லாமல் 'ஸ்டாக்' என்று சொல்லுங்கள். 'பொனிட்டோ ஃப்ளேக்ஸ்' என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. 'மாசிக்கருவாட்டைச் சீவிப் போட்டு இறக்கிய தண்ணீர்' என்று சொன்னால் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். இரண்டும் பெரும்பாலும் ஒரே சூரை மீன்தான். கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் மட்டும் எடுத்த சாறு இருக்கிறதா என்று ஜப்பானிய மொழியில் நீங்களே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.